இனிஷியல்

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன் நான்.
பான்பரி மார்க்கெட் பக்கம் கடை.
எழுத்துக்கு இரண்டு ரூபாய்,
புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை.

பூவராகன் கல்யாணத்துக்கு
முப்பத்தாறு டம்ளர், இரண்டு குடம், ஓர் அண்டா.
‘ஏ. பூவராகன் – சுகந்தி’
டம்ளரில் இடம் போதாமல்
சுகந்தி ஒரு சுற்றுச் சுற்றிவந்து
அவன் பெயரின் தோளிலேயே முடிந்தாள்.
லீவு பதினெட்டு நாள்தான் அண்ணே என்று
பக்கத்தில் நின்று விரட்டினான்.

மூன்றாம் வருஷம் மாசியில்
அவன் காவல் நின்ற கூடாரத்தின் மேல்
மலை இறங்கியது.
ஏழு நாள் தோண்டினார்களாம்.
துறைமுகத்து ஐஸ் பேக்டரியில்
முப்பது வருஷமாகக் கட்டி உடைக்கிற ஏழுமலை
ஒன்றே ஒன்று சொன்னார்:
“நான் உடைக்கிறதுலதான்
அவன் கெடந்திருக்கான்.”
மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

முதுநகர் முழுக்க பிளெக்ஸ்.
மூன்று முறை வானத்தைச் சுட்டார்கள்.
உப்பனாற்றில் எழும்பிய கொக்குகள்
திரும்ப உட்கார வெகுநேரம் பிடித்தது.
மடித்த கொடியை நீட்டியபோது
எப்படி வாங்குவதென்று தெரியாமல் சுகந்தி
பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல்
அடியில் கை கொடுத்து வாங்கினாள்.

பதினாறு முடிந்ததும் தெரு
தன் வேலையைப் பார்க்கப் போனது.
தப்பில்லை. படகு காத்திருக்காது.
அவனோடு இருந்த ஹவில்தார், ஓசூர்க்காரர்,
பென்ஷன் காகிதங்களோடு
மஞ்சக்குப்பத்தில் மூன்று நாள் வரிசையில் நின்றார்.
நான்காம் நாள் அவர் லீவு முடிந்தது.
சகாயமேரி தினமும் வாசலில்
மீன் வைத்துவிட்டுப் பேசாமல் போவாள்.
நாற்பதாம் நாளோ என்னவோ
வேண்டுமென்றே காசு கேட்டாள்,
அதுவும் இரண்டு மடங்கு.
சுகந்தி சண்டை பிடித்தாள்.
அவ்வளவு நாளைக்குப் பிறகு
அன்றுதான் அந்த வீட்டில் குரல் கேட்டது.
சகாயமேரி தோற்றுப்போய்
தெருமுனையில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை.
கருங்கல்லில் பொன்னெழுத்து:
‘வீரமரணம் எய்திய நாயக் எ. பூவராகன்.’

எ.

ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது,
கையெழுத்து மட்டும் போடுவார்.
கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு
“என் கால் எங்க?” என்றார்.

ஒரு கோடுதானே பெரியவரே,
புதுக் கல்லுக்குப் புது நிதி வேண்டும்,
ஏப்ரலுக்கு மேல் பார்க்கலாம்.
மூன்று ஏப்ரல் போயிற்று.

ஒருநாள் கல்யாண டம்ளர் ஒன்றோடு
என் கடைக்கு வந்தார்.
“இதுல சரியா இருக்குல்ல.
இதே மாதிரி அதுல போடு.”
இந்த ஊசி கல்லில் ஏறாது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்தோம்.
பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தவர்கள்
எழுந்து வெயிலில் நின்றார்கள்.
சுகந்தி குடை பிடித்தாள்.
மகள் மிதுனா, அப்பாவை போட்டோவில் மட்டும் அறிந்தவள்,
தூளை ஊதி ஊதித் தள்ளினாள்.
ஐந்து ஊசி ஒடிந்தது.
படகு பட்டறையிலிருந்து சகாயமேரி மகன்
கல் துளைக்கிற பிட்டு கொண்டுவந்தான்.
நாலரை மணிக்கு
கோடு இறங்கியது, சாம்பல் நிறத்தில்,
கொஞ்சம் நீளமாய், கொஞ்சம் கோணலாய்.

“கோணிப்போச்சு” என்றேன்.
“என் கையெழுத்தும் அப்படித்தான்” என்றார்.
சட்டைப்பையில் துழாவி
இரண்டு ரூபாய் எடுத்து வைத்தார்.
கோட்டுக்கு என்னிடம் விலை கிடையாது.
ஆனாலும் வாங்கிக்கொண்டேன்,
வாங்காவிட்டால் அவர் போகமாட்டார்.

இந்த ஊர்க் காற்றில் உப்பு அதிகம்.
பொன்பூச்சு உரிகிறது.
‘வீரமரணம்’ பாதி போய்விட்டது.
அந்தக் கோடு
பூச்சு இல்லாததால்
கீறியது கீறியபடி இருக்கிறது.